மலையிலிருந்து இறங்கி விமானம் ஏறும் குழந்தை

இரண்டு வயது நிறையாத எங்கள் மகளை விமானத்தில் அழைத்துச் செல்லப் போகிறோம் என்றதும், ஊட்டியில் அக்கம்பக்கத்தார் அனைவரும் காதுவலியைப் பற்றியே எச்சரித்தார்கள். எங்கள் ஊரே ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எவ்வளவு உயரே பறந்தாலும், விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குரிய அளவைவிடக் குறையாதவாறு பராமரிக்கப்படுவதால், அங்கே அவள் சுவாசிக்கும் காற்று வீட்டுக் காற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

சிரமம் பெரும்பாலும் இறங்கும்போதுதான். வெளியழுத்தம் கூடுகையில் நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் திறந்தாக வேண்டும். விழுங்கும்போது அது திறக்கும். ஆகவே குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையிலேயே அவளுக்கு அவ்வப்போது பால் கொடுத்தேன். விமானம் தாழத் தொடங்கியதும் அதையே செய்தேன், அவள் அழவில்லை. சளியால் மூக்கு அடைத்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புறப்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் தனி இருக்கையின்றிப் பெற்றோர் மடியில் பயணம் செய்யலாம். ஆனால் விமானம் குலுங்கும்போது கைகளால் மட்டும் ஒரு குழந்தையை இறுகப் பிடித்திருப்பது கடினம் என்பதால், வசதியிருப்பவர்கள் தனி இருக்கை வாங்கி, விமானத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையைப் பொருத்துவதே பாதுகாப்பானது.

வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஊட்டிக் குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையைக் கோயம்புத்தூரில் உடனே கழற்ற வேண்டியிருக்கும். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை அணிவித்துவிடுங்கள்.