ஒரு ஏக்கர் இருபது சென்ட்

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன். லெந்து முடியும்வரை கவிச்சி கிடையாது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் நானாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் கேட்கவே இல்லை. திரும்பி வந்து கதவைச் சாத்தும்போதே உறுத்தியது.

மார்ச் 7, வெள்ளி

என் வீட்டுக்காரர் தொண்டையிலிருந்து சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாளாகுமாம்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எல்லோரும் ஜெபித்தபின் "நீங்க முடிங்கக்கா" என்றார்கள். எனக்கு ஜெபிக்க வரும். எங்கே குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினால் மற்றவர்களுக்குக் கண் கலங்கும் என்பதெல்லாம் முப்பது வருடப் பழக்கம். இன்றும் கலங்கினார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு "உங்க விசுவாசம் பெருசுக்கா" என்றாள்.

நான் பாதிக் கண்ணைத் திறந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் ஐக்கியத்தில் இருக்கிறாள். படுத்திருப்பது அவளுடைய சொந்த அண்ணன். வந்துவிடக் கூடாதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் "சுகம் தாரும் ஆண்டவரே", மனதில் "அவள் வரக் கூடாது".

மார்ச் 12, புதன்

இரவு இரண்டு மணி. முதலாம் கொரிந்தியர் பதினோராம் அதிகாரம். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், போஜனபானம் பண்ணுகிறவனைப் பற்றிய வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு அடுத்த வசனத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: "இதினிமித்தம், உங்களில் அநேகர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருக்கிறார்கள்."

மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம். நாலு வருடம். நாற்பத்தெட்டு முறை அப்பத்தை வாங்கியிருக்கிறேன். அப்படியானால் வியாதி எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்?

மார்ச் 18, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. நினைத்ததுதான்.

மார்ச் 20, வியாழன்

ஆயர் வந்திருந்தார். "ஒருத்தர் பாவத்துக்கு இன்னொருத்தருக்கு வியாதி வருமா ஐயா?" என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்தார். பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் கேட்டதும், அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவர் சொன்னதும். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார்.

நான் விஷயத்தை மறைத்துக் கேட்டேன். அவர் விஷயம் தெரியாமல் ஆறுதல் சொன்னார். ஏமாற்றி வாங்கிய அந்த ஆறுதல் சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைய பிரசங்கம் மத்தேயு 23. மாயக்காரர் என்று நம் பழைய வேதாகமத்தில் இருக்கும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் நாடகத்தில் வேஷம் கட்டுகிறவன் என்று அர்த்தமாம். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் வெளிவேடக்காரர் என்றே போட்டிருக்கிறது என்றார் ஆயர். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. கண் 23ஆம் வசனத்தில் நின்றுவிட்டது. ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள்.

போன அறுப்பின் பண்டிகைக்கு ஏற்காட்டுத் தோட்டத்து மிளகில் பத்து கிலோ கொண்டுபோய்ப் பீடத்துக்குக் கீழே வைத்தேன். புடைத்து, கல் பொறுக்கி, புது வெள்ளைத் துணிப்பையில் கட்டி. ஏலத்தின்போது மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள், இரண்டு தடவை. அவள் முன் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், பின்னாலிருந்து பார்த்தேன்.

வெந்தயம், சீரகம், மிளகு.

மார்ச் 25, செவ்வாய்

தட்டுவடை செட் வேண்டும் என்கிறார். தண்ணீரே மூன்று முறை நிறுத்தி நிறுத்தித்தான் இறங்குகிறது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று பார்சல் வாங்கினேன். பீட்ரூட்டும் கேரட்டும் துருவியது, காரச் சட்னி, பூண்டு வாசனை. மூடியைத் திறந்து மடியில் வைத்து மோந்துகொண்டே இருந்தார்.

மார்ச் 28, வெள்ளி

இங்கேயாவது நேராக எழுதிவிடுகிறேன்.

தோட்டம் மாமா வாங்கியது. ஒரு ஏக்கர் இருபது சென்ட். உயில் எழுதாமல் போய்விட்டார். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. எனக்கு அது நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதது விலை. பக்கத்துத் தோட்டம் சென்ட் என்ன விலைக்குக் கைமாறியது என்று அதற்கு இரண்டு வாரம் முன்புதான் விசாரித்துவிட்டு வந்திருந்தேன். அவளுடைய மகளுக்கு நர்சிங் கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் அந்த வாரம். மூன்று லட்சத்தை எடுத்து வைத்து, "இப்ப கையில இருக்கறது இதுதாம்மா, விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுரு" என்றேன். அவள் பங்கின் மதிப்பில் நாலில் ஒரு பாகம்கூட இல்லை அது. அவள் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணிதானே" என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

விலை அவளுக்கு ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அவருக்குக் கரண்ட், அதான் கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்தால் நகர முடியாது என்று, கூலி பாக்கி கொடுக்க ஏற்காடு போய் வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பூ மழை பெய்திருக்கிறது. காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகைபோல வாசம். மாமா நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம் ஏறிவிட்டது. மரங்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். தண்ணீர்த் தொட்டிவரை அறுபது சென்ட் வரும் என்று மனதுக்குள் கோடு போட்டேன். தொட்டி எந்தப் பக்கம் போகும் என்று ஒரு நிமிடம் கவலைப்பட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் என்னை நானே பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

முதல் கரண்ட். மொத்தம் முப்பத்தைந்து.

ஏப்ரல் 6, ஞாயிறு

இராப்போஜன ஞாயிறு. அவள் மூன்றாம் பெஞ்சு, நான் ஒன்பதாம் பெஞ்சு. நாலு வருடமாக இப்படித்தான். நம் திருச்சபை 1947இல் ஒன்றானபின் வந்த ஆராதனை முறையில் சமாதானம் கொடுப்பது இருக்கிறது. மாமா உபதேசியாராக இருந்தவர். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். "உன் வலது உள்ளங்கை அவங்க வலது உள்ளங்கையோட சேரணும், இடது கையால மேலே மூடணும். சும்மா தொட்டுட்டுப் போகக் கூடாது."

ஆயர் கையிலிருந்து முன் பெஞ்சுக்கு வந்து, பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வரும். இத்தனை நாளும் எனக்கு உறைக்காதது இன்று உறைத்தது. அவள் கையிலிருந்து கிளம்பும் சமாதானம்தான் ஆறு பெஞ்சு தாண்டி என்னிடம் வருகிறது. நாலு வருடமாக வந்துகொண்டே இருந்திருக்கிறது. முன்னால் இருந்த அம்மா திரும்பி இரண்டு கையையும் நீட்டினார்கள். சூடான, லேசாக வியர்த்த கை. வாங்கிக்கொண்டேன்.

அப்பம் வாங்கப் போகவில்லை. உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததும், எவ்வளவு தாழ்மை என்று நினைப்பார்களோ என்று மனது ஓடியது. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பயத்தில் திருப்பிக் கொடுத்தால் அது மனந்திரும்புதலா, பேரமா? அவருக்குச் சுகம் கிடைக்கும் என்று கொடுக்கிறேனா, அவளுடையது அவளுக்கு என்று கொடுக்கிறேனா? இதையேதான் இரவும் பகலும் அரைத்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறவர், என் இருதயம் இன்னும் நேராகவில்லை, முதலில் அது நேராகட்டும் என்று.

இன்று வரி வசூலிக்கிற சகேயுவின் கதையைத் திரும்ப வாசித்தேன். அவன் மனது எவ்வளவு சுத்தமானது என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருப்பது கணக்கு. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய்த் திரும்ப. என் இருதயம் சுத்தமாகட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவளுடைய மிளகு என் வீட்டு மாடியில்தான் காய்கிறது. நான் பரிசுத்தவாட்டி ஆகும்வரை அவள் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

ஏப்ரல் 10, வியாழன்

அவரிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைக்கச் சொன்னார்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில், கரகரத்த குரலில்: "மூலப்பத்திரம் பீரோவுல எந்தத் தட்டுல இருக்கு?"

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். "வாங்க அண்ணி" என்றாள், முகத்தில் ஒன்றுமில்லை. காலையில் கொண்டுவந்த குருத்தோலையில் சிலுவை மடித்துக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன்.

"கையெழுத்து வாங்கினப்ப விலை எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் வாங்கினேன்."

ஓலையை நகத்தால் கிழித்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "அண்ணனுக்கு இப்படி ஆகலைன்னா வந்திருப்பீங்களா?" என்றாள்.

வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்த பதில் வேறு. வாயில் வந்தது, "வந்திருக்க மாட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாதித் தோட்டம் அவள் பேருக்கு எழுத வேண்டும் என்றேன். "அதை அப்புறம் பேசலாம். எத்தனை கரண்ட் ஆச்சு?"

"ஏழு."

"எச்சில் முழுங்க முடியுதா?"

ஏப்ரல் 15, செவ்வாய்

மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறாள். மேஜைமேல் தூக்குவாளியில் ராகிக் கூழ், மோர் விட்டு நீர்க்கக் கரைத்தது. நான் காய்ச்சிய கஞ்சியைத் தொடாதவர் அரை டம்ளர் குடித்திருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனையில் ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் ஜெபிப்போம். வருடா வருடம் எனக்கு ஒன்று உண்டு. இந்த வருடம் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றேன். பொய். அவள் மத்தியானமே கூழோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அவருக்குக் காய்ச்சல். ஆலயத்துக்குப் போகவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் டோக்கன் 14. செட்டில்மெண்ட் பத்திரம் தட்டச்சாகி வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி அவள் பக்கம். காய்ச்சல் விட்டிருக்கிறது, ஆனால் இரவெல்லாம் இருமினார்; உட்கார்ந்து கையெழுத்துப் போட முடியுமா தெரியவில்லை. ஒன்பதரைக்குக் கார் வரும். அவள் இன்னும் போனை எடுக்கவில்லை.