'கேன் ரிவர்' நாவலும் கிரையப் பத்திரங்களும்: வாசிப்பு நாட்குறிப்பு

2024 ஜூன் 3

லலிதா டடேமியின் 'கேன் ரிவர்' (2001) அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைப் பெண்களின் கதை. படிக்கத் தொடங்குமுன் ஒரு தாளில் கொடிவழி போட்டுக்கொள்ளுங்கள். எலிசபெத், அவள் மகள் சுசெட், சுசெட்டின் மகள் ஃபிலோமீன், ஃபிலோமீனின் மகள் எமிலி. நால்வரையும் நடுவில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். ஆண்கள் ஓரத்தில் இருக்கட்டும். ஆண்களை வைத்துக் கோடு இழுத்தால் இரண்டாம் தலைமுறையிலேயே சிக்கிக்கொள்ளும். பெற்றவன் ஒருவன், சட்டப்படி உடைமையாளன் இன்னொருவன் என்பது இங்கே சாதாரணம். டெர்பேன், ஃப்ரெடியூ என்ற பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களும் விடாமல் வரும்.

களம் லூசியானா மாநிலத்தின் நாக்கடிஷ் பாரிஷ். மாவட்டத்துக்கு அங்கே பாரிஷ் என்று பெயர்.

2024 ஜூன் 6

ஏன் பெண்களின் வரிசை? ஆசிரியரின் விருப்பம் மட்டுமல்ல, சட்டமும் காரணம். அடிமைத்தாய்க்குப் பிறந்த பிள்ளை அடிமையே என்று 1662இல் வர்ஜீனியா சட்டம் இயற்றியது. பிரெஞ்சு ஆட்சியில் லூசியானாவுக்கு வந்த 1724ஆம் ஆண்டு கறுப்பர் சட்டத்திலும் (அடிமைகளுக்கான விதித் தொகுப்பு) அதே விதி உண்டு. தோட்டக்காரனே தகப்பனாக இருந்தாலும் பிள்ளை அவன் வாரிசு ஆகாது. தாயின் உடைமையாளனுக்குச் சொத்தாகச் சேரும். பிள்ளை யாருடையது என்று நிலைநாட்டத் தாயின் பெயர்தான் தேவைப்பட்டது. இந்தப் பெண்களின் பெயர்கள் காகிதத்தில் தங்கியதற்கு அந்தக் கொடூரமான கணக்கே காரணம். நாவல் அதே காகிதங்களை எடுத்து, விலைக்குப் பின்னால் இருந்த மனுஷியைப் பேச வைக்கிறது. சில ஆவணங்களும் புகைப்படங்களும் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கின்றன. தாண்டிப் போகாமல் நிறுத்திப் படியுங்கள்.

2024 ஜூன் 11

இத்தகைய குடும்பத்தைத் தேடுபவர்கள் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம்: பிறந்த மாதம், ஆண்டு, ஒரு தாய் எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதெல்லாம் அதில் உண்டு. 1890ஆம் ஆண்டுப் பதிவுகள் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்துக்குப் பின் பெரும்பாலும் இல்லாமல் போயின. அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம். 1880இல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி இருக்கிறது, 1870இல் இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் மூத்த பெண்ணைத் தாய் என்று முடிவுகட்டுவது 1870 பதிவில் அடிக்கடி நேரும் பிழை. அவள் அத்தையாகவோ பாட்டியாகவோ இருக்கலாம்.

1870க்கு முன்னால்தான் சுவர். 1850, 1860ஆம் ஆண்டு அடிமைப் பட்டியல்களில் உடைமையாளன் பெயர் இருக்கும். அவன் கீழ் இருந்தவர்களுக்கு வயது, பால், நிறம் மட்டும்தான். ஆகவே முதலில் உடைமையாளன் யார் என்று கண்டுபிடித்து, அவன் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலுக்குப் போக வேண்டும். மாடு, ஏர், பாத்திரம் இவற்றோடு மனிதர்களும் பெயரும் வயதும் விலையுமாக அதில் நிற்பார்கள். நாவலிலும் குடும்பம் சிதறுவது அப்படித்தான்: எஜமானர்கள் செத்தால் சொத்து பிரியும், சொத்தோடு தாயும் பிள்ளையும் பிரிவார்கள்.

லூசியானாவில் ஒரு வழி கூடுதலாக உண்டு. பத்து வயது நிறையாத பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் கிரையப் பத்திரத்தில் தாயும் சிறுபிள்ளைகளும் சேர்ந்தே வருவார்கள். பத்து தாண்டினால் பிள்ளை தனிப் பதிவாகிவிடும், தாய் யாரென்று தெரியாது. பத்துக்கு முந்தைய பத்திரம் ஒன்றாவது கையில் வேண்டும். தனியாக விற்ற பிள்ளைக்குச் சரியாகப் பத்து என்று எழுதியிருந்தால் அந்த வயதை நான் நம்பமாட்டேன். கத்தோலிக்கக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பேன். தாயின் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் அங்கே கிடைக்க வாய்ப்புண்டு.

2024 ஜூன் 12

நேற்று விட்டது: நிறப் பத்தியை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். ஒரே பெண்ணை ஒரு கணக்கெடுப்பாளர் கறுப்பர் என்பார், அடுத்தவர் கலப்பினம் என்பார். பார்த்தவர் கண்ணுக்குப் பட்டதுதான் அது.

2024 ஜூன் 19

எமிலியின் பகுதிக்குச் சட்டப் பின்னணி இல்லாமல் போகவே கூடாது. அவளும் பிரெஞ்சுக்காரன் ஜோசப்பும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பிள்ளை பெறுகிறார்கள். வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்ளும் கலப்புமணத்துக்கு இருந்த தடையை லூசியானா 1870இல் நீக்கி, 1894இல் மறுபடி கொண்டுவந்தது. கலியாணம் இல்லாமல் வெளிப்படையாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் நிலமோ வீடோ தானமாகத் தரக்கூடாது என்றும், அசையும் பொருளானாலும் மொத்தச் சொத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்றும் 1870ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத் தொகுப்பு சொன்னது. உயில் எழுதினாலும் அதே வரம்புதான்.

இதைத் தெரிந்துகொண்டு ஃபிலோமீனிடம் திரும்புங்கள். நிலம், நிலம் என்று அவள் விடாப்பிடியாக நிற்பதைப் பேராசை என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஏற்பில்லை. உறவுக்கு எந்தப் பத்திரமும் இல்லாத ஊரில் தன் பெயருக்கு ஒரு பத்திரம் கேட்கிறாள். சிதறிய தாயையும் பாட்டியையும் கூட்டிவந்து உட்கார வைக்க அவளுக்கு அந்த மண் தேவைப்பட்டது.