ஹீமோகுளோபின் 12.2, ஃபெரிட்டின் 7: நான் இரும்புச்சத்து ஏற்றிய அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், வேதாளை, பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கிற வேலைக்குப் போகிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். மூச்சு வாங்குகிறது, கால் கடுக்கிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று சொல்லாதவர்கள் கம்மி. கடலில் முங்கி எழுகிற உடம்பு, வெயில், உப்புத் தண்ணீர், அப்படித்தான் இருக்கும் என்று நாமே ஒரு காரணமும் சொல்லிக்கொள்வோம். நான் முங்குகிறவள் இல்லை. காயவைத்த பாசியை எடை போட்டு எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். எனக்கும் அதே தொந்தரவுகள்தான் இருந்தன. அதோடு ஒரு பழக்கம் வேறு சேர்ந்துகொண்டது, சமைக்க எடுத்த அரிசியைப் பச்சையாகக் கொறிப்பது. சோற்றைவிட அந்தப் பச்சரிசிதான் பிடித்தது. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, மண், ஐஸ்கட்டி, சாம்பல் இவற்றின் மேல் இப்படி ஆசை வருவது உண்டு என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

முதலில் பார்த்த இடத்தில் ஹீமோகுளோபின் மட்டும் எடுத்தார்கள். 12.2 வந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை (கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13), அதனால் நார்மல் என்று சொல்லி ஒரு சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு, ஏனென்றால் அதே தாளில் எம்.சி.வி. 76 என்று இருந்தது. சிவப்பணுக்களின் அளவைச் சொல்கிற எண் அது, 80-க்கு மேல் இருக்க வேண்டும், இரும்பு குறைந்தால் இறங்கும். சிவப்பணுக்கள் ஒன்றுக்கொன்று அளவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்கிற ஆர்.டி.டபிள்யூ. என்கிற எண்ணும் ஏறிப்போய் இருந்தது. அந்த இரண்டையும் யாராவது ஒரு நிமிடம் பார்த்திருந்தால் எனக்குப் பல மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

ராம்நாட்டில் பார்த்த ஒரு டாக்டரம்மாதான் தாளை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, ஃபெரிட்டின் எடுத்துக்கொண்டு வாம்மா என்றார். சில நூறு ரூபாய் ஆனது. முடிவு 7.

ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்பின் கணக்கு. நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும்படி சொல்கிறேன்: வீட்டுக் குடத்தில் தண்ணீர் இருக்கிறது, ஊருணி வற்றிவிட்டது, அதுதான் என் நிலைமை. உடம்பு கடைசிச் சொட்டு வரைக்கும் சேமிப்பிலிருந்து எடுத்து ஹீமோகுளோபினைக் காப்பாற்றப் பார்க்கும், அது விழ ஆரம்பிக்கும்போது சேமிப்பு ஏற்கெனவே காலியாகி இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் குறைபாடு என்கிறது. பல மருத்துவர்கள் 30-க்குக் கீழே இருந்து தொந்தரவும் இருந்தால் அப்போதே சிகிச்சை தொடங்கிவிடுகிறார்கள். சில ஆய்வகத் தாள்களில் 10-க்கு மேல் இருந்தாலே நார்மல் என்று அச்சடித்திருக்கும், அதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். இன்னொன்று, காய்ச்சலோ உடம்புக்குள் வேறு அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். காய்ச்சல் விட்டு உடம்பு தேறிய பிறகு எடுப்பதே நல்லது.

அடுத்து டாக்டரம்மா கேட்டது, இரும்பு எங்கே போகிறது என்று. இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறோம். மாதவிடாய் எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா, ராத்திரி எழுந்து துணி மாற்ற வேண்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு காப்பர் டி வைத்திருந்தது, அதிலிருந்தே போக்கு அதிகம். காப்பர் டி-யால் சிலருக்கு ரத்தப்போக்கு கூடும். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை, தைராய்டும் சரி. வீட்டுக்காரரோடும் பேசி அதை எடுத்துவிட்டு வேறு முறைக்கு மாறினேன். எல்லாரும் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, என் கணக்குக்கு அது ஒத்து வந்தது. போகிற வழியை அடைக்காமல் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் ஏறாது. ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால் இன்னும் கவனம் வேண்டும். வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. குடற்புழுவும் ஒரு காரணம். கொக்கிப்புழு வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியாகவே ஏறிவிடும், அதற்கு அல்பென்டசோல் மாத்திரை இருக்கிறது.

மாத்திரைக்கு வருகிறேன். மருந்துக் கடையில் அட்டைகளைப் பார்த்தால் தலை சுற்றும், ஃபெரஸ் சல்பேட், ஃபெரஸ் ஃப்யூமரேட், ஃபெரஸ் அஸ்கார்பேட், கார்போனில், பாலிமால்டோஸ் என்று. பெரிய எழுத்தில் இருக்கிற மில்லிகிராமைப் பார்க்காதீர்கள், அது உப்பின் எடையாக இருக்கலாம். எலிமென்டல் அயர்ன் எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும், உடம்புக்குக் கணக்கு அதுதான். ஃப்யூமரேட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு, குளுக்கோனேட்டில் பத்தில் ஒன்றை விடச் சற்றே அதிகம். பாலிமால்டோஸ் வயிற்றைத் தொந்தரவு செய்வது குறைவு, ஆனால் ஏறுவதும் மெதுவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. விலை கொடுத்து வாங்குவதுதான் வேலை செய்யும் என்று எங்கள் பக்கம் ஒரு எண்ணம். அந்த எண்ணம் தப்பு, இலவச மாத்திரையில் இருப்பதும் நல்ல இரும்புதான்.

எனக்கு முதலில் கொடுத்தது 100 மில்லிகிராம் அஸ்கார்பேட், தினமும். குமட்டல், வாயில் துருப்பிடித்த மாதிரி ஒரு ருசி, மலச்சிக்கல். எங்கள் மதினி இதே காரணத்துக்காகத்தான் கர்ப்பக் காலத்தில் மாத்திரையைக் கொல்லையில் எறிந்ததாகச் சொன்னார், அப்படி எறிகிறவர்கள் நிறையப் பேர். நான் டாக்டரிடம் போய்ச் சொன்னதும், 60 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னார். பாதி போட்டால் எப்படி ஏறும் என்று எனக்குப் பயம், அதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு வேளை மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒன்றைச் சுரக்கிறது, அது குடலில் இரும்பு ஏறுகிற வாசலை ஒரு நாள் அளவுக்கு இறுக்கிவிடுகிறது. மறுநாளே அடுத்ததைப் போட்டால் அதில் கொஞ்சம்தான் ஏறும், மிச்சம் குடலில் கிடந்து வயிற்றைப் படுத்தும். சுவிட்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களை வைத்துச் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், தினமும் போட்டவர்களுக்கு ஒரு மாத்திரையில் சுமார் 16 சதவீதம் ஏறியது, ஒரு நாள் விட்டுப் போட்டவர்களுக்கு சுமார் 22 சதவீதம். ஆனால் கர்ப்பிணிகளும் ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கினவர்களும் இதைப் படித்துவிட்டு நாள் விட்டுப் போட ஆரம்பிக்க வேண்டாம். அவர்களுக்கு அளவு வேறு, சிலருக்கு ஊசி வழியாகவே ஏற்ற வேண்டியிருக்கும்.

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம், ஏறாத இரும்புதான் அது. தார் மாதிரி பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் மட்டும் உடனே காட்டுங்கள்.

டீ, காப்பி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறதற்கு முன் கடுங்காப்பி, வந்ததும் டீ, சாப்பிட்ட கையோடு இன்னொரு டீ. சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரை, பயறு, தானியங்களில் இருக்கிற இரும்பு ஏறுவது பாதிக்கு மேல் குறைந்துபோகும். மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள், பால், கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து இவற்றுக்கும் அப்படியே. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் நான்கு மணி நேரம் விட வேண்டும். நான் காலையில் வெறும் வயிற்றில் போடுவேன், முடியாத நாளில் இரண்டு வாய் சோற்றோடு. எலுமிச்சையும் நெல்லிக்காயும் சாப்பாட்டு இரும்புக்கு நன்றாகவே உதவும், மாத்திரைக்கு அவ்வளவு அவசியமில்லை. சீனாவில் நடந்து 2020-ல் வெளியான ஒரு பரிசோதனையில் வைட்டமின் சி சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றி அத்தை ஒரு பக்கம், அக்கம்பக்கம் ஒரு பக்கம், பீட்ரூட் சாப்பிடு, மாதுளை சாப்பிடு என்றார்கள். நிறம்தான் சிவப்பு, 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை, மாதுளையில் அதைவிடக் குறைவு. ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), கம்பு, காராமணி, முருங்கைக்கீரை இவை பரவாயில்லை. மீனில் இரும்பு நிறைய இருக்கும் என்று கடற்கரைக்காரர்கள் நாம் நினைக்கிறோம், உண்மையில் அவ்வளவு இல்லை. ஆனால் மீன் கூட இருந்தால் அதே தட்டில் இருக்கிற கீரை, பயறின் இரும்பு நன்றாக ஏறும். அதனால் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் குறைகிற நாட்களில் முருங்கைக்கீரைக்குள் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு போட்டுக் கிண்டுகிறேன். சேமிப்பு ஒரேயடியாகத் தீர்ந்த பிறகு சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும், இதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களில் பச்சரிசி ஆசை விட்டது, எனக்கு முதலில் தெரிந்த மாற்றம் அது. மூச்சிரைப்பு அப்புறம் குறைந்தது. முடிதான் கடைசி. ரத்தசோகை உள்ளவர்களுக்கு மாத்திரை ஒழுங்காக ஏறினால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு புள்ளியாவது கூட வேண்டும். கூடவில்லை என்றால் சும்மா தொடராமல் ஏன் என்று கேளுங்கள். என் சித்தி மகளுக்கு எத்தனை மாத்திரை போட்டும் எம்.சி.வி. ஏறவே இல்லை, எச்.பி.எல்.சி. என்கிற சோதனையில் பிறவியிலேயே தலசீமியா கூறு (பரம்பரையாக வந்து சிவப்பணுக்களைச் சிறிதாக்குகிற ஒரு தன்மை) இருப்பது தெரிந்தது. அவளுக்கு ஃபெரிட்டின் நன்றாகவே இருந்தது, இரும்பு தேவையே இல்லை. சோதனை இல்லாமல் யாரும் வருடக்கணக்கில் இரும்பு விழுங்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மாத்திரையை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள், மிட்டாய் என்று நினைத்து அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து.

ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல், சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது போட வேண்டும் என்றார்கள். நடுவில் எடுத்தபோது ஃபெரிட்டின் 24, கடைசியாக 46. இப்போது மாத்திரை இல்லை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் குழுவில் மூச்சு வாங்குகிறது என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் சுகாதார நிலையத்தில் முழு ரத்தப் பரிசோதனை எடுத்து எம்.சி.வி.யையும் படிக்கச் சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் மட்டும் காசு செலவழித்து ஃபெரிட்டின். பாசிக்கு முங்குகிற எங்கள் அக்காவையும் அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போகிறேன்.