வந்ததும் சொல்றேன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஸ்பானிஷ் வகுப்பில் சப்ஜங்க்டிவ் ஆரம்பித்தேன், 'நீ வரவேண்டும்' என்று ஆசைப்படும்போதெல்லாம் வினை எடுக்கும் தனி வடிவம். 'ஐ வான்ட் யூ டு கம்' என்று பலகையில் எழுதி, ஸ்பானிஷில் சொல்லுங்கள் என்றேன். பாதிப் பேருக்கு மேல் 'கியேரோ து பெனீர்'. வேண்டும், நீ, வர. சொற்களை வரிசையில் நிற்க வைத்தால் வாக்கியம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை. ஆங்கிலத்தில் ஆகிவிடுகிறதே, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்பானிஷில் ஆசைப்படுகிறவர் ஒருவர், வரவேண்டியவர் வேறொருவர் என்றால் நடுவில் ஒரு 'கே' வந்தாக வேண்டும். அதற்கு அப்புறம் வருகிற வினை தன் உயிரெழுத்தை மாற்றிக்கொள்ளும். ஆர் என்று முடிகிற வினைக்கு எ, ஏர், ஈர் என்று முடிவதற்கு ஆ. 'கியேரோ கே பெங்காஸ்.' மூன்று முறை சேர்ந்து சொல்ல வைத்தேன். கோயில் பஜனை மாதிரி இருந்தது.

அக்கா கூப்பிடவில்லை.

மார்ச் 5

சாம்பிள் அனுப்பியாச்சு. வாட்ஸப்பில் இவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது, எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது. 'வியர்டோ'. ஆசை, உணர்ச்சி, பொதுப்படச் சொல்வது, அறிவுரை, சந்தேகம், கடைசியில் ஓஹாலா, 'அப்படி ஆகட்டும்' என்று வேண்டுகிற சொல். ஆறுக்கும் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்த சொல். அமெரிக்க வகுப்புகளில் இது இல்லாமல் சப்ஜங்க்டிவ் கிடையாது. பசங்களுக்கும் பிடிக்கிறது.

முன் வரிசைப் பெண் கேட்டாள்: 'மே அலேக்ரோ தே கே எஸ்தேஸ் ஆகி', நீ இங்கே இருப்பதில் எனக்குச் சந்தோஷம். ஆள்தான் கண்ணெதிரே இருக்கிறாரே, இதில் என்ன நிச்சயமில்லாமல் போயிற்று? பாடப்புத்தகம் இதை நிச்சயமின்மையின் வடிவம் என்கிறதே? உணர்ச்சி வந்தால் சப்ஜங்க்டிவ், சார்ட்டைப் பார் என்று சொல்லி நழுவிவிட்டேன். எழுதிக்கொண்டாள். நம்பவில்லை.

காரில் வரும்போதுதான் பதில் வந்தது. எப்போதும் இப்படித்தான், பார்க்கிங்கை விட்டு வெளியே வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். நீ இங்கே இருக்கிறாய் என்று அவளுக்கு நான் தகவல் சொல்லவில்லை. அது அவளுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது என் சந்தோஷத்தை மட்டும். 'இது இப்படி' என்று பொறுப்பேற்றுச் சொன்னால் இண்டிகேட்டிவ். அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளாத இடத்தில் சப்ஜங்க்டிவ். சந்தேகம் அதில் ஒரு மூலை, அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் நாள். பத்தரை மணி நேர வித்தியாசம் ஒன்பதரை ஆகிவிட்டது. அம்மா வழக்கம்போல "அங்க மணி என்ன?" என்றாள். சொன்னேன். "நேத்து வேற கணக்கு சொன்னியே." விளக்க ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டாள். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

குவாண்டோ.

'குவாண்டோ யேகா', அவன் வரும்போதெல்லாம். தினம் நடப்பது, இண்டிகேட்டிவ். 'குவாண்டோ யேகே', அவன் வரும்போது, இனிமேல். சப்ஜங்க்டிவ். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைதான் என்பதால் காதில் வித்தியாசமே விழுவதில்லை. பின்வரிசைப் பையன், வருவது உறுதி என்றால்கூடவா என்றான். உறுதி என்றால்கூட. பஸ்ஸுக்கும்? பஸ்ஸுக்கும். அப்புறம் குறும்பாக, நாளைக்குச் சூரியன் உதிக்கும்போது? 'குவாண்டோ சால்கா எல் சோல்.' சூரியனுக்கும் அதே கதிதான். வகுப்பே சிரித்தது. இது சூரியன் மேல் சந்தேகமில்லை, இன்னும் நடக்கவில்லை, நடக்காததை நடந்ததாகச் சொல்ல ஸ்பானிஷ்காரருக்கு வாய் வராது என்றேன். அந்த முன் வரிசைப் பெண் சார்ட்டைப் பார்த்தாள். ஆறு எழுத்தில் குவாண்டோவுக்கு இடமே இல்லை.

ராத்திரி அக்கா: "ரிப்போர்ட் வந்ததும் சொல்றேன்டி. நீ உன் கிளாஸப் பாரு."

வந்ததும். இத்தனை வருஷம் இதைக் கவனித்ததில்லை. நாளைக்கு வரப்போவதை இறந்தகாலத்தில் வைத்துப் பேசுகிறோம். வந்ததும், வந்தவுடன், வந்தால், எல்லாவற்றிலும் அந்த 'வந்த்' உட்கார்ந்திருக்கிறது. அது ஏற்கெனவே வந்துவிட்டது போலவும், நாங்கள்தான் அந்தப் பக்கம் இன்னும் போய்ச் சேராதது போலவும். இரண்டு மணிவரை தூக்கமில்லை. இலக்கணம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 12

வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

க்விஸ் திருத்தினேன். வகுப்பில் ஒரே ஒரு பையன் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவன், மெக்ஸிகோ குடும்பம். சப்ஜங்க்டிவ் என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பான், ஆனால் பேச்சில் ஒரு இடத்தில்கூடத் தப்பாது. 'ஓஹாலா கே ஐகா தமாலெஸ்' என்று எழுதியிருந்தான். தமாலெஸ் இருந்தால் நல்லது. 'ஐகா'வை வட்டமிட்டு 'ஆயா' என்று சிவப்பில் எழுதினேன். எழுதியதும் ஒரு மாதிரியாகிவிட்டது. ஐகா ஒன்றும் பிழையாகப் பிறந்ததில்லை. பழைய வடிவம், கிராமங்களில் இன்னும் உயிரோடிருப்பது, பள்ளிக்கூடம்தான் தள்ளி வைத்தது. "எங்க பாட்டி அப்படித்தான் சொல்வாங்க" என்றான். பரீட்சையில் ஆயா, பாட்டியிடம் ஐகா என்று சொல்லி மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டி சொல்வது ஐகா, புத்தகம் சொல்வது ஆயா! அந்த அறையில் இதற்குச் சிரிக்க என் ஒருத்திக்குத்தான் கொடுத்து வைத்திருந்தது.

மார்ச் 14

வெள்ளிக்கிழமை என்றார்கள். இப்போது திங்களாம்.

மார்ச் 16, ஞாயிறு

வேறு வேலை ஓடாமல் நெப்ரிஹாவைப் புரட்டினேன். 1492இல் காஸ்டிலிய மொழிக்கு, அதாவது ஸ்பானிஷுக்கு, அவர் எழுதிய இலக்கணத்தில் வினைக்கு ஐந்து மோடு, சொல்லும் தோரணைகள், அதில் ஆசைக்கென்று தனியாக ஒன்று, ஒப்டாட்டிவோ. பிற்பாடு அதையும் சப்ஜங்க்டிவோடு சேர்த்துவிட்டார்கள். இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. சும்மா வேண்டிக்கொள்வதற்கு மட்டும் ஒரு வடிவம். ஓஹாலாவே அரபியிலிருந்து வந்ததுதான், இறைவன் நாடினால் என்ற பொருளில். அம்மா போனை வைக்கும்போதெல்லாம் "முருகா" என்கிறாள், அவ்வளவு மெதுவாக.

மார்ச் 17

இன்னொரு டெஸ்ட் பார்க்கணுமாம். ஏன் என்று கேட்டால் அக்காவுக்குக் கோபம் வருகிறது.

மார்ச் 18, செவ்வாய்

'நோ கிரேயோ கே பியேனே' என்றான் ஒருவன், அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை என்பதற்கு. இதே தப்பு நான்காவது முறை. கிரேயோ என்றால் பியேனே, நோ கிரேயோ என்றால் பெங்கா, இதுகூடவா என்று கத்திவிட்டேன். நல்ல பையன். கத்தியிருக்க வேண்டாம். சமாளிக்க, உங்கள் ஆங்கிலத்திலும் சப்ஜங்க்டிவ் இருக்கிறதே என்று 'காட் சேவ் த கிங்' எழுதினேன். ஏன் 'சேவ்ஸ்' இல்லை? அமைதி. அப்புறம் அவனே, அது நடக்கிறதென்று சொல்லவில்லை, நடக்கட்டும் என்கிறோம் என்றான். மன்னிப்புக் கேட்டேன். வெளியே போகும்போது 'கே தே மெஹோரெஸ்' என்றான். உடம்பு தேறட்டும் என்று. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

டோஹா வழியாக வெள்ளி ராத்திரி. சென்னையில் இறங்கி அங்கிருந்து பஸ்.

எனக்குப் பதில் வருகிறவருக்குக் குறிப்பு: அடுத்தது இறந்தகால சப்ஜங்க்டிவ். ப்ரெட்டெரிட்டில் 'அவர்கள்' வடிவத்தை எடுக்கச் சொல்லுங்கள், 'ஆப்லாரோன்'. 'ரோன்' போகட்டும், 'ரா' போடட்டும். ஆப்லாரா. 'செர்', 'ஈர்' இரண்டுக்கும் ஒரே 'ஃபுவேரா'தான், யாராவது கட்டாயம் கேட்பார்கள். சார்ட்டைக் காட்ட வேண்டாம்