31 ஆம் திகதிக்குள்

2024 நவம்பரில், இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடிநீர்த் தாங்கியின் வேலையைத் தொடங்கலாம் என்று பரிந்துரைத்து நான் கையொப்பமிட்டேன். மேல்மலை ஊற்றிலிருந்து நீர் எடுப்பதற்குத் தோட்ட நிர்வாகம் தரவேண்டிய சம்மதக் கடிதம் அப்போது கோப்பில் இருக்கவில்லை. அதைக் கணக்காளரிடம் சொன்னேன்.

“தம்பி, டிசெம்பர் 31 ஆம் திகதிக்குள் வேலை முடிந்து கொடுப்பனவு வவுச்சர் போகாவிட்டால் காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும். தாங்கி இருந்தால் தண்ணீரைப் பிறகு கொண்டுவரலாம்” என்றார்.

அவர் சொன்னது ஏமாற்றுப் பேச்சல்ல. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்படும்வரை, தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாது என்றே எம்மவர்களுக்குப் பதில் கிடைத்துவந்தது. அப்படிக் காத்திருந்த லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, வந்த பணத்தை ஒரு கடிதத்துக்காகத் திருப்பி அனுப்புவதா என்று எனக்கும் தோன்றியது. இன்றும் அந்த எண்ணம் முழுவதும் பிழையென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால், அத்தனை காலம் கழித்து வந்த பணம் என்பதனால்தானே அதை இன்னும் கவனமாகச் செலவிட்டிருக்க வேண்டும்?

தாங்கி உரிய நாளில் முடிந்தது. கொங்கிறீட்டில் குறையில்லை, அளவுகள் மதிப்பீட்டுடன் ஒத்திருந்தன, கொடுப்பனவும் போயிற்று. கடிதம் மட்டும் வரவில்லை.

மார்ச் மாத வறட்சியில் அங்கே போனபோது, பீலியடியில் குடத்துடன் வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா, “ஐயா, தொட்டி கட்டியாச்சு, தண்ணி எப்ப வரும்?” என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். “வரும் அம்மா” என்றேன். எந்த ஆதாரத்தில் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கொழுந்துக் கூலியில் அவர் வாங்கும் சவர்க்காரக் கட்டிக்கும் 18 வீதம் பெறுமதி சேர் வரி உண்டு. அந்தத் தாங்கியில் அவருடைய காசும் இருக்கிறது என்பதை அன்று அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

கையொப்பத்தை மறுத்திருந்தால் பணம் திரும்பியிருக்கும், வரிசை அப்படியே இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கடிதம் இல்லை என்பதை நான் வாயால் சொன்னேனே தவிர, கோப்பில் ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு மேலுள்ள ஒருவராவது தோட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்திருப்பார் என்று சில இரவுகளில் நினைக்கிறேன். மற்ற இரவுகளில், யாரும் எடுத்திருக்கமாட்டார்கள் என்று படுகிறது.