பம்பில் இல்லாத கோளாறுக்குப் பம்பைப் பிரித்த கதை

மேட்டில் இழுக்காத பழைய லாரியை, இன்ஜினுக்கு டீசல் செலுத்தும் பம்பை ரிப்பேர் செய்யும் கடைக்கு ஓட்டிக்கொண்டு போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். பம்பைக் கழற்றி, பிரித்து, மாட்டி எனக்குப் பெரிய பில் ஒன்றைத் தீட்டினார்கள். கோளாறு இருந்தது ஒரு முழ ரப்பர் ஹோஸில்.

வண்டி பி.எஸ்.-2 என்ற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதி காலத்துப் பத்துச் சக்கரம். ஆறு சிலிண்டர், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசல் தள்ளும் இன்லைன் பம்ப். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது என்பதால் ஸ்கேனர் மாட்டிக் கோளாறைப் படிக்க வழியில்லை. புகையையும் சத்தத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிராவுக்குக் கிளம்பினேன். சமதளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொப்பூர் ஏற்றத்தில்தான் வண்டி மக்கர் செய்தது. வழக்கமாக ஏறும் கியரில் நிற்கவில்லை. இரண்டு கியர் இறக்கியும் வேகம் சரிந்துகொண்டே போனது. ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கிளம்பினால் பழைய இழுவை வரும். சற்றுத் தூரம் போனதும் மறுபடி அதே கதை. பின்னால் வந்த டிரைவர்கள் ஹாரன் அடித்தே வாழ்த்திவிட்டுப் போனார்கள். கண்ணாடியில் பார்த்தேன், சைலன்ஸரில் புகையே இல்லை. இதை அன்று முதல் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

புகையில்தான் பாதி விடை இருக்கிறது. கரும்புகையோடு இழுவை குறைந்தால் காற்றுப் போதவில்லை: ஏர் பில்டர் அடைப்பு, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கசிவு, டர்போ கோளாறு, அல்லது புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு பாதி மூடிய நிலையில் சிக்கிக்கொண்டது. புகையே இல்லாமல் இழுவை போனால் இன்ஜினுக்கு டீசல் போதவில்லை. என் வண்டி இரண்டாவது ரகம்.

அதிகச் செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்தேன். இறங்கியதும் சக்கர டிரம்களைத் தொட்டுப் பார்த்தேன்; பிரேக் பிடித்தபடி ஓடியிருந்தால் ஏதாவது ஒன்று கொதித்திருக்கும். கிளீனரை ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, பம்ப் லீவர் கடைசி ஸ்க்ரூவில் போய் முட்டுகிறதா என்று பார்த்தேன். டீசல் பில்டர்கள் இரண்டையும் மாற்றினேன். எதிலும் குறையில்லை.

பிறகுதான் பம்ப் கடை. கவுன்டரில் இருந்தவர் வண்டியின் வயதைக் கேட்டார். புகை பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், "பம்ப் போயிருக்குமுங்க அண்ணா" என்று முடித்துவிட்டார். சோதித்துப் பார்க்க வண்டி அருகில்கூட யாரும் வரவில்லை. பம்பைக் கழற்றி எலிமென்ட், டெலிவரி வால்வு, நாசில் என்று பாகங்கள் எல்லாம் மாற்றினார்கள். பம்பை மட்டும் தனியாக ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் அளவெடுத்த தாளைக் கேட்டேன். அதெல்லாம் கொடுக்கும் வழக்கம் இல்லையாம். பில்லில் 'பம்ப் ஓவர்ஹால்' என்று ஒரே வரி, அதற்கு எதிரே வயிற்றைக் கலக்கும் தொகை.

லோடோடு தொப்பூர் ஏறினேன். அணுவளவும் மாற்றமில்லை. போனில் கூப்பிட்டால், "பெஞ்சில் அருமையாக ஓடியதே!" என்கிறார். ஓடாமல் என்ன செய்யும்? பெஞ்ச் தன் சொந்த டேங்கிலிருந்து பம்புக்கு டீசல் கொடுக்கிறது. என் வண்டியின் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் எதையும் அது பார்ப்பதில்லை.

அடுத்துப் பார்த்த மெக்கானிக், பம்ப் பக்கத்திலிருந்து டேங்கை நோக்கிக் கம்ப்ரஸர் காற்றை விட்டார். டேங்கில் குமிழி வந்தது. லைன் சுத்தம், இன்ஜினைத்தான் இறக்க வேண்டும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கையால் அடித்து டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை இழுத்துவிட்டால் அது தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. உறிஞ்சும் பக்கம் எங்கோ அடைத்திருந்தால்தான் அப்படி இழுக்கும். அவரிடம் காட்டினேன். பழைய வண்டியில் எல்லாம் அப்படித்தான் என்று தோளைக் குலுக்கினார்.

கேன் வைத்து ஓட்டிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். 20 லிட்டர் கேனில் சுத்தமான டீசல். டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குக் கொடுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராகப் புது ஹோஸ். மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப்பையும் கேனுக்கே திருப்பிவிட வேண்டும். மறந்தால் கேன் டீசல் டேங்குக்குப் போய்ச் சேர்ந்து நடுவழியில் நிற்பீர்கள். கேனைக் கேபினுக்குள் வைக்காதீர்கள், சைலன்ஸர் பக்கமும் வேண்டாம். பாடியின் முன்பக்கம் இறுகக் கட்டினேன். இறக்காத லோடோடு அதே ஏற்றத்தில் விட்டேன். வண்டி ஏறிய வேகத்தில் கிளீனர் தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.

அதன்பின் தேட வேண்டிய இடம் டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைதான். டேங்குக் குழாயின் சல்லடையை எடுத்தேன், சுத்தம். சேஸிஸ் எனும் வண்டிச் சட்டத்தில் வரும் பைப்பையும் ஃபீட் பம்பையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ் மீதி. இன்ஜின் ஆடும், சேஸிஸ் ஆடாது என்பதால் அந்த இடத்தில் மட்டும் ரப்பர் போட்டிருப்பார்கள். வெளியே வெடிப்பில்லை, கசிவில்லை, கிளிப் இறுக்கம். பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். உள்பக்க ரப்பர் ஒரு முனை உரிந்து நாக்குப் போலத் தொங்கியது. விரலால் தள்ளினால் பம்ப் பக்கம் மடங்கித் துளையை அடைத்தது. எதிர்ப்பக்கம் தள்ளினால் சுவரோடு ஒட்டி வழிவிட்டது. மெக்கானிக் காற்று விட்டது அந்த எதிர்ப்பக்கம். மேட்டில் அதிக டீசல் இழுக்கும்போது அடைப்பு, நிறுத்தினால் விடுதலை. எல்லாம் புரிந்துவிட்டது.

புது ஹோஸ் வாங்கும்போதும் கவனம் தேவை. முதல் கடையில் ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸை எடுத்து நீட்டினார்கள். அது டீசலில் ஊறி உப்பிவிடும். டீசலுக்கென்றே வரும் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள்.

ஹோஸ் மாட்டியதும் இழுவை வந்தது, கூடவே கரும்புகையும் வந்தது! பம்ப் கடையில் இழுவைக்காக டீசல் அளவைக் கூட்டி சீல் வைத்திருக்கிறார்கள். டீசல் வரத்துத் தடைபட்டிருந்தவரை அது வெளியே தெரியவில்லை. அப்படியே ஓட்டினால் மைலேஜ் போவது ஒருபுறம், சூடு ஏறி டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் ஆபத்து. திரும்பப் போய்க் கேட்டேன். குறைத்துத் தருகிறோம், கழற்றி மாட்டும் கூலி தனி என்றார் அதே கவுன்டர்காரர். பேச்சு தடித்தது. பில்லின் பின்பக்கத்தில், டீசல் கூட்டியது நாங்களே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், கூலி தருகிறேன் என்றேன். பேனாவை எடுக்கவில்லை. கூலி வாங்காமல் குறைத்துக் கொடுத்தார்கள், இம்முறை பெஞ்ச் அளவுத் தாளோடு.