ஓடினது மூணாவது வீட்டுப் பையன்

நேத்து ராத்திரி எங்க காலனி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு கேமரா வீடியோ. "யாரோ கறுப்பன் தெருவுல ஓடுறான், போலீசுக்குச் சொல்லிடலாமா?"ன்னு நம்ம ஊர் அண்ணன் ஒருத்தர். பார்த்தா மூணாவது வீட்டுப் பையன்! ஸ்கூல் ஓட்டப்பந்தய டீம்ல இருக்கான். போன மாசம் என் கார் பேட்டரி செத்தப்போ, கேபிளைத் தூக்கிட்டு வந்து நின்னவன்.

நாம இருக்கிறது அமெரிக்காவுல ஜார்ஜியாங்க. இதே மாநிலத்துல, 2020 பிப்ரவரியில ஓடிட்டிருந்த அஹ்மாட் ஆர்பரிங்கிற கறுப்பின இளைஞரைத் திருடன்னு சந்தேகப்பட்டு, டிரக்குல துரத்திச் சுட்டுக் கொன்னாங்க. பொதுமக்களே ஆளைப் பிடிக்கலாம்னு இருந்த பழைய சட்டத்தை அதுக்கப்புறம்தான், 2021ல, நீக்கினாங்க.

நான் சண்டை போடலை. "அண்ணே, அது நம்ம பக்கத்து வீட்டுப் பையன்"னு மட்டும் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல வீடியோ காணோம். (ஊர்வலத்துல பதாகை பிடிக்கிறது இதைவிட ஈஸி, சத்தியமா.)

கறுப்பினத்தவருக்குத் துணையா வேற என்ன செய்யலாம்னு கேக்கிறவங்களுக்கு: அட்லாண்டாவுல கறுப்பினத்தவர் 1921ல தொடங்கின சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி இன்னும் இருக்கு. என் சேமிப்புல கொஞ்சத்தை அங்க மாத்தினேன். பள்ளி வாரியக் கூட்டத்துக்கும் போறேன். கொட்டாவி வரும், ஆனா பள்ளிக்கூடங்களுக்கான பணம் அங்கதான் முடிவாகுது.

இதுல தர்மம் பண்றோம்னு நினைப்பு வேண்டாம். கறுப்பினத்தவர் சம உரிமைக்காகப் போராடித் தெருவுல அடி வாங்கின காலத்துலதான், நம்ம மாதிரி ஆளுங்களுக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம் வந்துச்சு. நம்ம விசாவெல்லாம் அதுக்கப்புறம்.

சனிக்கிழமை பையனுக்குப் போட்டி. என் பொண்ணு அட்டையில அவன் பேரை எழுதிட்டிருக்கா, ஸ்பெல்லிங் தப்பா.